எக்கார்ன்: காதில் விழுந்ததற்கு மனம் கற்பித்த பொருள்

கேள்வி: எக்கார்ன் என்பது எழுத்துப்பிழைக்கு இன்னொரு பெயர்தானே?

பதில்: இல்லை. ஓக் மரத்தின் கொட்டைக்கு ஆங்கிலத்தில் ஏகார்ன் என்று பெயர். அதை ‘எக் கார்ன்’ (முட்டை, தானியம்) என்று ஒரு பெண் எழுதியதை மொழியியலாளர் மார்க் லிபர்மன் 2003இல் குறிப்பிட்டார். இந்த வகைப் பிழைக்கே அதைப் பெயராக வைக்கலாம் என்றார் இன்னொரு மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம். கொட்டை கிட்டத்தட்ட முட்டை வடிவம், விதையும்கூட. ஒலி ஒத்துப்போக வேண்டும், புது வடிவமும் அந்த இடத்தில் பொருள் தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் எக்கார்ன்.

கேள்வி: பாட்டு வரியைத் தப்பாகக் கேட்பது?

பதில்: அது மான்டகிரீன். ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றில் ‘லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்’, அதாவது அவனைப் புல்தரையில் கிடத்தினார்கள் என்று வரும். அதைச் சிறுவயதில் ‘லேடி மான்டகிரீன்’ என்று கேட்டதாக 1954இல் எழுதினார் எழுத்தாளர் சில்வியா ரைட். பாட்டில் இல்லாத சீமாட்டி ஒருத்தி முளைத்துவிட்டாள். எக்கார்னிலோ சொல்லவந்த கருத்து அப்படியே இருக்கும்.

கேள்வி: ஆழமாக ஊன்றிய என்ற பொருளில் வரும் ‘டீப் சீட்டட்’ என்பதைப் பலர் ‘டீப் சீடட்’ என்று எழுதுவது ஏன்?

பதில்: அமெரிக்க உச்சரிப்பில் ‘சீட்டட்’டின் நடு ஒலியும் ‘சீடட்’டின் நடு ஒலியும் நாக்கு நுனி மேலண்ணத்தை ஒருமுறை தட்டி எழுப்பும் ஒரே ஒலிதான். காதுக்கு வேறுபாடே கிடையாது. ‘ஆழமாக விதைக்கப்பட்ட பயம்’ என்பதும் நன்றாகவே பொருந்துகிறது. சரியான வடிவத்தில் இருப்பது விதை அல்ல, இருக்கை: ஆழத்தில் உட்கார்ந்துவிட்ட பயம்.

கேள்வி: கட்டுரை திருத்தும்போது இவற்றை எப்படிப் பிடிப்பது? ஸ்பெல்செக் கோடு போடுவதில்லையே.

பதில்: இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்றால் பெரும்பாலும் போடாது. பொருள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். பொருந்துவதால்தானே பிழையே பிறந்தது! உருவகத் தொடர் வந்தால் தொடர் முழுவதையும் அகராதியில் தேடுங்கள். பழைய பொருள் ஒளிந்திருக்கும் தொடர்களில் கூடுதல் கவனம் வேண்டும். முழுச் சுதந்திரம் என்ற பொருளில் வரும் ‘ஃப்ரீ ரெய்ன்’ குதிரையின் கடிவாள வாரைத் தளர்த்துவது. குதிரை அன்றாடத்திலிருந்து போனபின், அதே ஒலியுள்ள ‘ஆட்சி’ அங்கே ஏறிக்கொண்டது. கட்டுப்பட்டு நடப்பதைச் சொல்லும் ‘டோ த லைன்’ கோட்டில் கால்விரலை வைத்து நிற்பது. அதே ஒலியுள்ள இன்னொரு ‘டோ’வைப் போட்டு, கயிறு கட்டி இழுப்பதாக எழுதினால் தவறு.

கேள்வி: பிழையே சரியான சொல்லாகிவிடுமா?

பதில்: ஆகியிருக்கிறது. மணமகனைக் குறிக்கும் ‘பிரைட்குரூம்’ பழைய ஆங்கிலத்தில் ‘பிரூட்குமா’. ‘குமா’ என்றால் ஆண். அது வழக்கொழிந்ததும், பையன், பணியாள் என்ற பொருளுள்ள ‘குரூம்’ அங்கே வந்து உட்கார்ந்தது. ‘ஏகார்ன்’ மட்டும் என்ன? அதன் பின்பாதிக்கும் தானியத்தைக் குறிக்கும் ‘கார்ன்’ என்ற சொல்லுக்கும் பிறப்பில் உறவே இல்லை. ஒலி ஒத்ததால் ஒட்டிக்கொண்டதுதான்.