தோற்கும் அணிக்காகக் காத்திருப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். சில ஆண்டுகளாகக் குடும்பத்துடன் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். சென்ற நவம்பரில் ஸ்காட்லாந்து டென்மார்க்கை வென்று 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்ற இரவில் எங்கள் தெரு உறங்கவில்லை. அன்று தொடங்கிய பேச்சு அலுவலகத்தில் இன்னும் ஓயவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவர் அமெரிக்கப் பயணத்துக்காக வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். மற்றொருவர் வீட்டைப் பழுதுபார்க்கச் சேர்த்துவைத்த பணத்தை எடுத்துவிட்டார். இந்த அணி எந்த உலகக் கோப்பையிலும் குழுச் சுற்றைத் தாண்டியதில்லை என்பதை அவர்களே சொல்கிறார்கள். இம்முறை தாண்டுமா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். தோல்வி ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தும் இவ்வளவு ஆவலோடு காத்திருப்பது ஒரு கூட்டு மயக்கம் இல்லையா? அந்த மயக்கத்தைக் காசாக்கும் அமைப்புகளுக்கு இவர்கள் தெரிந்தே இரையாகவில்லையா? பத்து வயதாகும் என் மகள், ஹைட்டியுடனான முதல் ஆட்டத்தைப் பார்க்க அதிகாலை இரண்டு மணிக்குத் தன்னை எழுப்பச் சொல்லியிருக்கிறாள். சம்மதிப்பதா என்று தெரியவில்லை.

அன்புடன்,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கூட்டு மயக்கம் என்று குறிப்பிடுவது ஸ்காட்லாந்தில் ஒருமுறை உண்மையாகவே நிகழ்ந்திருக்கிறது. அது 1978-இல். இன்று உங்கள் அலுவலகத்தில் நீங்கள் காண்பது அதுவல்ல என்றும், அந்த ஆண்டில் பட்ட அடியிலிருந்து மெல்ல உருவாகி வந்த வேறொரு மனநிலை என்றும் நான் நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதி பெறவில்லை, 1974-லும் பெற்றிருக்கவில்லை. இரண்டு முறையும் பிரிட்டனிலிருந்து சென்ற ஒரே அணி ஸ்காட்லாந்துதான். அணியின் தரத்திலும் குறைவில்லை. அந்த மே மாதம் நடந்த ஐரோப்பியக் கழக அணிகளுக்கான கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக் கழகமான லிவர்பூலுக்காக ஒரே கோலை அடித்து வெற்றி தேடித்தந்தவர் கென்னி டால்கிலிஷ். அந்தக் கோலுக்குப் பந்தை அளித்தவர் கிரேம் சூனஸ். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். எனவே நம்பிக்கை கொள்ள நியாயம் இருந்தது. அந்த நம்பிக்கையை வாக்குறுதியாக மாற்றியவர் மேலாளர் அல்லி மெக்லவுட். வெறுங்கையோடு திரும்பப் போவதில்லை என்று அவர் பேசப் பேச, நாடு அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டது. அணி அர்ஜென்டினாவுக்குப் புறப்படும் முன் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் வழியனுப்பு விழா நடந்தது. ஆட்டம் எதுவும் இல்லை. வீரர்கள் திறந்த பேருந்தில் மைதானத்தைச் சுற்றி வருவதைக் காண்பதற்காக மட்டுமே ஏறத்தாழ 25,000 பேர் வந்திருந்தார்கள்.

பிறகு நடந்தது உங்கள் சக ஊழியர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாக இருக்கும். கோர்டோபாவில் நடந்த முதல் ஆட்டத்தில், முந்தியிருந்தும் பெரு நாட்டிடம் 3-1 என்று தோற்றார்கள். அதில் பெரு வீரர் குபியாஸ் மட்டும் இரண்டு கோல் அடித்தார். அடுத்த நாட்களில் ஸ்காட்லாந்து வீரர் வில்லி ஜான்ஸ்டன் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் திருப்பியனுப்பப்பட்டார். ஈரானோடு 1-1, ஸ்காட்லாந்தின் அந்த ஒரு கோலும் ஈரான் வீரர் தம் வலைக்குள்ளேயே செலுத்தியது. கையிருப்பையெல்லாம் செலவழித்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருந்த ரசிகர்கள் அணியின் பேருந்தைச் சூழ்ந்து திட்டினார்கள். மெண்டோசாவில் நெதர்லாந்தை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டுமே அடுத்த சுற்று என்ற நிலையில், ஆர்ச்சி கெம்மில் மூன்று தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிச் சென்று அடித்த கோலால் கணக்கு 3-1 ஆனது. இன்னும் ஒன்று போதும் என்ற நிலை மூன்று நிமிடங்களே நீடித்தது. நெதர்லாந்தின் ஜானி ரெப் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போயிற்று. 3-2 என்று வென்றும் வெளியேறினார்கள். அவர்களிடம் தோற்ற நெதர்லாந்து இறுதியாட்டம் வரை சென்றது.

உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று அது. ஆயினும் அந்த வெற்றியைக் கொண்டாட அங்கே மனமிருக்கவில்லை. கோப்பை கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்ததால், கண்ணெதிரே கிடைத்தது எதுவும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நான் மயக்கம் என்று சொல்வது இந்த நிலையைத்தான்: நாளை என்ன நடக்கும் என்று ஒருவர் முன்கூட்டியே விற்றுவிட, அதை வாங்கியவர்கள் நடப்பதைக் காண இயலாதவர்களாகிவிடுவது.

காத்திருந்தவர்களை ஏமாற்றியதில் மெக்லவுட் முதல்வரும் அல்லர். 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்குப் பிரிட்டிஷ் நாடுகளிடையிலான போட்டியில் முதலிரண்டு இடம் பெறும் அணிகள் வரலாம் என்று அழைப்பு இருந்தது. ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கமோ, முதலிடம் பெற்றால் மட்டுமே அணியை அனுப்புவோம் என்று அறிவித்திருந்தது. ஹாம்ப்டனில் இங்கிலாந்திடம் ஒரே கோலில் தோற்று இரண்டாமிடம் வந்தபோது, கைக்கு வந்த வாய்ப்பைச் சங்கம் சொன்னபடியே தள்ளிவிட்டது. அணித்தலைவர் ஜார்ஜ் யங் மன்றாடியும் பயனில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துச் சுவிட்சர்லாந்துக்கு 13 வீரர்களை மட்டும் அனுப்பினார்கள். உருகுவே 7-0 என்று வென்றது. 1974, 1978, 1982 ஆகிய மூன்று முறையும் வெளியேற்றம் கோல் வித்தியாசத்தால் நேர்ந்தது. அவற்றில் 1974-இல் அந்த அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

1998-க்குப் பிறகு தோற்பதற்குக்கூட இடம் கிடைக்கவில்லை. தொடர்ந்து ஆறு உலகக் கோப்பைகளுக்கு ஸ்காட்லாந்து தகுதி பெறவில்லை. 2020 நவம்பரில் பெல்கிரேடில் செர்பியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டிக்குள் நுழைந்தபோது, கொள்ளை நோய்க் காலமாதலால் மைதானம் காலியாக இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. 2022 ஜூனில் ஹாம்ப்டனில் உக்ரைனிடம் தோற்றதோடு கத்தார் கனவும் போயிற்று. உங்கள் அலுவலகத்தில் முப்பது வயதைத் தொடாத எவரும் தம் நாடு ஆண்கள் உலகக் கோப்பையில் ஆடிப் பார்த்த நினைவு உள்ளவராக இருக்க முடியாது.

இந்தப் பின்னணியில்தான் 2025 நவம்பர் 18 இரவை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் ஸ்காட் மெக்டாமினே முதுகு தரையை நோக்கச் சுழன்று அடித்த சைக்கிள் கிக் கோல். டென்மார்க் விடாமல் இருமுறை சமன்செய்தது, இரண்டாவது முறை பத்துப் பேராகக் குறைந்த பிறகு. அந்த நிலை நீடித்திருந்தால் நேரடித் தகுதி அவர்களுக்கே போயிருக்கும். தொண்ணூறு நிமிடங்கள் கடந்த பிறகு கீரன் டியர்னி அடித்தார். ஆட்டத்தின் கடைசி உதையாக, டென்மார்க் கோல்காப்பாளர் முன்னேறி நிற்பதைக் கண்ட கென்னி மெக்லீன் நடுக்கோட்டருகிலிருந்தே பந்தை வலைக்கு அனுப்பினார். அன்றைய ஆரவாரம் கிளாஸ்கோவிலுள்ள நிலவியல் ஆய்வுக் கருவிகளில் மிகச் சிறிய நில அதிர்வாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் தெரு உறங்காததில் வியப்பில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 'தாண்டுமா' என்று நீங்கள் கேட்கும்போது அவர்கள் சிரிப்பது, விடையை அறிந்தும் மறைப்பதால் அல்ல. அவர்கள் காத்திருப்பது அந்த விடைக்காக அல்ல என்பதால். 2024-இல் ஜெர்மனியில் நடந்த யூரோ போட்டியில் இதை உலகமே பார்த்தது. டார்டன் ஆர்மி என்று அழைக்கப்படும் அந்த ரசிகர்கள் பெருந்திரளாகப் போனார்கள். நுழைவுச்சீட்டே இல்லாமல் போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் ஹாம்ப்டனிலிருந்து மியூனிக் வரை நடந்தே சென்று, ஆண்களின் மனநலத்துக்காக நிதி திரட்டினார். அந்தப் பயணத்தின் முடிவில் அவர் பார்த்தது ஜெர்மனியிடம் 5-1 என்ற தோல்வியை. கடைசி ஆட்டத்தில் ஹங்கேரி நூறாவது நிமிடத்தில் அடித்த கோலோடு ஸ்காட்லாந்து தன் குழுவில் கடைசி இடத்தில் வெளியேறியது. ஆனால் 1978-ஐப் போல் பேருந்தைச் சூழ்ந்து திட்டிய காட்சிகள் இல்லை. ஆட்டத்தைப் பற்றிக் கடும் விமர்சனம் இருந்தது. பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க்கின் தற்காப்புப் போக்கைப் பலர் சாடினார்கள், அது நியாயமும்கூட. அந்தப் பயணம் வீண் என்று சொன்னவர்கள்தான் அரிதாக இருந்தார்கள். அணி செல்லும் ஒவ்வொரு நாட்டிலும் குழந்தைகளுக்கான ஏதேனும் ஒரு தொண்டு அமைப்புக்கு டார்டன் ஆர்மி ரசிகர்கள் நிதி கொடுத்துவரும் வழக்கமும் தொடர்ந்தது. வெற்றியைத் தவிர வேறொன்றையும் எதிர்பார்க்காதவர்களால் இப்படி ஒரு வழக்கத்தைக் கட்டிக் காத்திருக்க முடியாது. விடுப்புக்கு மாதங்களுக்கு முன்பே சொல்லிவைப்பதும், 1998-இல் பாரிசுக்குத் தந்தையோடு போனவர் இப்போது தம் பிள்ளையை அழைத்துப் போகத் திட்டமிடுவதும், எந்த விடுதியில் எத்தனை பேர் தங்குவது என்று வாதிடுவதுமாக, ஜூன் வருவதற்கு முன்பே அவர்களுக்கு உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கிறது. திருவிழாவுக்குக் கொடியேற்றிய ஊரைப் போன்றது இது. அணி மூன்று ஆட்டங்களில் தோற்றாலும் இந்த மாதங்களை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

உங்கள் மகள் பார்க்க விரும்பும் ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் குழுவில் பிரேசில், மொராக்கோ, ஹைட்டி ஆகிய அணிகள் இருக்கின்றன. 1998-இலும் பிரேசிலும் மொராக்கோவும் எதிரே இருந்தன. இரண்டிடமும் தோற்றது ஸ்காட்லாந்து. அதனால் பத்திரிகைகளில் பேச்செல்லாம் அந்த இரண்டைப் பற்றியே. எனக்கோ ஹைட்டி ஆட்டமே முதன்மையானதாகப் படுகிறது. ஸ்காட்லாந்து தகுதி பெற்ற அதே இரவில், சில மணி நேரம் கழித்து, ஹைட்டியும் நிகராகுவாவை 2-0 என்று வென்று தகுதி பெற்றது. நவம்பர் 18 என்பது, 1803-இல் விடுதலை பெறப் போராடிய ஹைட்டி மக்கள் வெர்தியேரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் பிடியில் இருப்பதால், அந்த ஆட்டம் உட்படத் தம் 'சொந்த மண்' ஆட்டங்களை அவர்கள் குராசோ தீவில் ஆடினார்கள். அவர்களின் பயிற்சியாளர் செபாஸ்டியன் மிஞ்ஞே ஹைட்டியில் கால்வைக்காமலேயே அந்த அணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர்கள் கடைசியாக ஆடிய உலகக் கோப்பை 1974. இத்தாலியின் டீனோ சோஃப் சர்வதேச ஆட்டங்களில் 1,142 நிமிடங்கள் கோல் விடாமல் காத்துவந்த சாதனையை இம்மானுவேல் சனோன் முறித்தது அங்கேதான். இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களும் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களும் ஜூன் 13 இரவு பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோவில் சந்திக்கிறார்கள்.

உங்கள் ஊரில் அது ஞாயிறு அதிகாலை இரண்டு மணி. அன்று பள்ளி இல்லை. திங்கட்கிழமையையும் பொது விடுமுறையாக்க ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் முன்மொழிந்திருக்கிறார். தயங்காமல் எழுப்பிவிடுங்கள். எதிரே ஆடுவது யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது கேள்வியில் நான் பெருமளவு உங்கள் பக்கம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இந்தக் காத்திருப்பின் ஆழத்தை நன்றாக அறிந்து அதற்கு விலை வைத்திருக்கிறது. தகுதி பெற்ற நாடுகளின் ரசிகர்களுக்கென ஒதுக்கிய இடங்களிலேயே, இறுதியாட்டத்துக்கான மிகக் குறைந்த விலை 4,000 டாலருக்கு மேல் என்று டிசம்பரில் தெரியவந்தபோது ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. உடனே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 60 டாலர் சீட்டுகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அவை அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆண்டாண்டாக மழையிலும் தோல்வியிலும் அணியின் பின்னால் அலைந்தவர்களிடம் இப்படி நடந்துகொள்வது அநியாயம். அதைவிடப் பெரிய அநியாயம் ஹைட்டி ரசிகர்களுக்கு நேர்ந்திருக்கிறது. அமெரிக்க அரசு 2025 ஜூனில் விதித்த பயணத் தடை வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு அளிக்கிறது, ரசிகர்களுக்கு அளிக்கவில்லை. பாஸ்டனிலும் மயாமியிலும் ஏற்கெனவே குடியேறி வாழும் ஹைட்டி மக்கள் இருக்கைகளை நிரப்புவார்கள் என்று நம்புகிறேன். ஆனால் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து ஒருவர் கடன் வாங்கிக்கூட அங்கே போய்ச் சேர முடியாது.

ஆகவே மயக்கம் என்ற குற்றச்சாட்டை ரசிகர்கள் மீது வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். சுரண்டல் என்ற குற்றச்சாட்டை, அதற்கு உரியவர்கள் மீது எவ்வளவு உரக்கச் சொன்னாலும் நான் உடன் நிற்பேன்.

கடன் வாங்கிய நண்பரிடம் உங்களுக்குப் பேசும் உரிமை இருந்தால் ஒன்று சொல்லுங்கள். ஸ்காட்லாந்தின் முதலிரண்டு ஆட்டங்களும் ஃபாக்ஸ்பரோவிலேயே, ஆறு நாள் இடைவெளியில் நடக்கின்றன. செலவைப் பெருக்குவது மூன்றாவது ஆட்டத்துக்காக மயாமி வரை பறப்பதுதான். இம்முறை 48 அணிகளில் 32 அடுத்த சுற்றுக்குப் போகும். பன்னிரண்டு குழுக்களில் மூன்றாமிடம் பெறும் அணிகளில் எட்டுக்கு இடமுண்டு. எனவே ஹைட்டியை வென்று, மொராக்கோவிடம் ஒரு சமநிலை பெற்றாலே கதவு ஏறக்குறையத் திறந்துவிடும். அந்த இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு அவர் ஊர் திரும்பினால் கடனில் ஒரு பகுதி மிஞ்சும். பிரேசில் ஆட்டம் ஜூன் 24 அன்று உங்கள் ஊர் நேரப்படி இரவு பதினொரு மணிக்குத்தான். அதை அலுவலக நண்பர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.