டக்ளஸில் ஒரு மகள், நாகர்கோவிலில் 12 சென்ட்

மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு குடும்பத்தோடு, இந்திய நேரம் இரவு எட்டரைக்குப் பேசுவதாக இருந்தது. அம்மாவுக்கு டூட்டி முடிய நேரமாகிவிட்டதால் ஒன்பதரைக்குத்தான் அழைப்பு வந்தது. திரையில் நர்ஸ் சீருடையைக்கூட மாற்றாத அம்மா, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அப்பா. அவர்களுக்கு அப்போது மாலை நாலு மணி, ஜன்னலுக்கு வெளியே அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. ஊர், ஐல் ஆஃப் மேன் தீவின் தலைநகரான டக்ளஸ். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கும் இந்தத் தீவின் பரப்பு 572 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அங்கே நர்ஸாகப் போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பா நாகர்கோவிலில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனவர், இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. மகளுக்கு 17 வயது. ஏ லெவல் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரியான பிரிட்டிஷ் பள்ளிப் படிப்பு) இரண்டாம் ஆண்டு.

சென்னையில் இருக்கும் பெரியப்பா போட்டுக் கொடுத்த திட்டம் இது. மகள் இப்போது படிப்பதை விட்டுவிட்டு, வேதியியல், உயிரியல், இயற்பியல் எடுத்து ஏ லெவலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு நீட். அதன் பிறகு தமிழ்நாட்டில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் என்ஆர்ஐ ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ். பணத்துக்கு நாகர்கோவிலில் இருக்கும் 12 சென்ட் நிலம். வாங்குவதற்கு ஆளும் பார்த்தாகிவிட்டது, அட்வான்ஸ் வாங்குவதுதான் பாக்கி.

"பாப்பா வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்குறா, சரின்னும் சொல்ல மாட்டேங்குறா சார். அதான் பயமா இருக்கு" என்றார் அம்மா. முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன். பிறகு, அவளைக் கூப்பிடுங்கள் என்றேன்.

அவள் எடுத்திருக்கும் பாடங்கள் கணிதம், பொருளாதாரம், புவியியல். புவியியல் ஏன் என்று கேட்டதும் லேப்டாப்பைத் திருப்பி ஒரு எக்செல் தாளைக் காட்டினாள். இரண்டு குளிர்காலங்களில் டக்ளஸுக்கும் இங்கிலாந்தின் ஹீஷம் துறைமுகத்துக்கும் ஓடும் கப்பல் பலத்த காற்றால் ரத்தான நாட்கள் ஒரு பத்தியில். பக்கத்துப் பத்தியில் அதற்கு மறுநாள் கடையில் ரொட்டி இருந்ததா, பால் இருந்ததா, என்ன விலை என்று. அந்தக் கப்பல் மூன்றே முக்கால் மணி நேரப் பயணம். அது நின்றால் அலமாரி காலியாகும் என்பதை அந்த ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள், இவள் எழுதி வைத்திருக்கிறாள். பிறகு பர்ஸிலிருந்து ஒரு பவுண்டு தாளை எடுத்துக் கேமராவுக்கு முன் பிடித்தாள். "இது எங்க தீவு நோட்டு அங்கிள். இங்கிலாந்துல கடையில கொடுத்தா பெரும்பாலும் வாங்க மாட்டாங்க. ஆனா வாட் வரி அவங்களும் நாங்களும் ஒண்ணு. வருமான வரி மட்டும் எங்களோடது." அந்த 'எங்க', 'எங்களோடது' இரண்டையும் கேட்டு அப்பா மகளைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அம்மா, ஐயா, அவள் எழுந்து போன பிறகு நான் சொன்னதையே இங்கே இன்னும் அழுத்தமாக எழுதுகிறேன்.

எம்பிபிஎஸ் பேச்சை இத்தோடு விடுங்கள். ஒரு தடவைகூட உயிரியல் படிக்க ஆசைப்பட்டேன் என்று சொல்லாத பிள்ளை அவள். அவளுடைய இரண்டு வருடத்தைக் கிழித்துப் போட்டு, நீட்டுக்கு இன்னொரு வருடம் கொடுத்து, கோடியைத் தாண்டும் கட்டணத்தைக் கட்டி, 17 வயதில் 'எங்க தீவு' என்று சொல்கிறவளை ஐந்தரை வருடத்துக்கு அங்கிருந்து பிடுங்கி நடப்போகிறீர்கள். யாருக்காக? குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும் என்று ஆசைப்படும் பெரியப்பா அந்த 12 சென்ட்டுக்குப் பங்கு போடவில்லை. அது அம்மா பத்து வருடம் இரவுப் பணி பார்த்து வாங்கிய நிலம். அதை விற்க வேண்டாம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இங்கிலாந்தில் போய் மூன்று வருட டிகிரி படிக்கும் வழி உங்களுக்கே தெரியும். பள்ளியிலும் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது, நீங்கள் இருக்கும் இடத்தை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பது.

அந்தத் தீவு பிரிட்டனின் பகுதி கிடையாது. லண்டன் நாடாளுமன்றத்தில் அதற்கு உறுப்பினரும் கிடையாது. மன்னர் அங்கே 'லார்ட் ஆஃப் மேன்', அவர் சார்பில் ஒரு துணைநிலை ஆளுநர் இருக்கிறார். பாதுகாப்பையும் வெளியுறவையும் லண்டன் பார்த்துக்கொள்கிறது. மற்றபடி சட்டம், வரி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் டின்வால்ட் என்ற அவர்களுடைய மன்றத்தின் கையில். ஆயிரம் வருடத்துக்கு மேல் தொடர்ந்து கூடுவதாகச் சொல்லப்படும் மன்றம், 1979-இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான ஹவுஸ் ஆஃப் கீஸில் 24 பேர், மேலவையில் 11 பேர். ஜூலை 5 அன்று செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் படிப்படியாக எழுப்பிய மேட்டில் கூடி, அந்த ஆண்டின் சட்டங்களைத் தீவின் சொந்த மொழியான மேங்ஸிலும் ஆங்கிலத்திலும் மக்கள் முன் அறிவிப்பார்கள். உங்கள் மகள் இரண்டு வருடமாக அதைப் பார்க்கப் போகிறாளாம். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றீர்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த ஊரின் சோறே சட்டத்திலிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் மீன், பிறகு ஈயமும் துத்தநாகமும். லாக்சியில் நீங்கள் படம் எடுத்துக்கொண்ட அந்தப் பெரிய நீர்ச்சக்கரம் 1854-இல் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்க வைத்தது, விட்டம் 22 மீட்டர். சுரங்கம் 1929-இல் மூடிவிட்டது. பிறகு கோடை விடுமுறைக்காரர்களை நம்பினார்கள், அவர்களும் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போக ஆரம்பித்தார்கள். 1961 கணக்கெடுப்பில் தீவில் ஏறக்குறைய 48,000 பேர்தான். அப்போதுதான் வரியைக் குறைத்து வெளியாட்களையும் பணத்தையும் வரவழைக்கும் வழிக்குத் திரும்பினார்கள். 1984-இல் தனிக் கப்பல் பதிவகம், 2001-இல் இணையச் சூதாட்டத்துக்கு உரிமச் சட்டம், 2006-இல் பெரும்பாலான நிறுவனங்களுக்கு வருமான வரி பூஜ்யம், 2007-இல் விமானப் பதிவகம். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 84,069.

இந்தக் குறைந்த வரி சரியா தவறா என்று உலகம் முழுக்க வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, உங்கள் மகளும் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அந்த வாதத்தாலேயே விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகுகின்றன. 2025 ஜனவரி முதல் பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு அங்கும் குறைந்தபட்சம் 15% வரி வந்துவிட்டது. விதி இறுக இறுக, அதைப் படித்துக் கணக்கோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். கப்பல் ரத்தையும் ரொட்டி விலையையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதுகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

நான் சொல்லும் வழி: ஏ லெவல் முடித்ததும் டக்ளஸிலேயே ஒரு கணக்கியல் நிறுவனத்திலோ, டிரஸ்ட் மற்றும் நிறுவன நிர்வாகம் பார்க்கும் அலுவலகத்திலோ, ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலோ பயிற்சியாளராகச் சேர்வது. சம்பளம் வாங்கிக்கொண்டே ஏசிசிஏ, அதாவது நம் ஊர் சிஏ மாதிரியான பிரிட்டிஷ் கணக்காளர் தகுதி, முடிப்பது.

"காலேஜுக்கே போகாமலா?" என்று அப்பாவின் முகம் மாறியது. ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் டிகிரி இல்லாத பிள்ளை படிக்காத பிள்ளை. அங்கே அப்படி இல்லை ஐயா. 18 வயதில் அலுவலகத்தில் சேர்ந்து, தேர்வெழுதி மேலே வருவது அங்கே வழக்கமான பாதை.

ஏசிசிஏவில் சேர இரண்டு ஏ லெவலும், ஆங்கிலமும் கணிதமும் உட்பட மூன்று ஜிசிஎஸ்இயும் (அங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) போதும். மொத்தம் 13 தாள். அடிப்படை மூன்று, நடுக்கட்டம் ஆறு, மேல்கட்டம் நான்கு. நடுக்கட்டத்தின் பெரும்பாலான தாள்களுக்கும் மேல்கட்டத்துக்கும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை தேர்வு. கூடவே 36 மாத வேலை அனுபவம் கட்டாயம். கல்லூரி முடித்துவிட்டு அந்த அனுபவத்தைத் தேடி அலைபவர்கள் ஏராளம், இவளுக்கு அது முதல் நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். நேராக ஏசிசிஏ பயமாக இருந்தால், அதற்குக் கீழ்ப்படியில் இருக்கும் ஏஏடி என்ற கணக்கியல் தகுதியை முதலில் எடுக்கலாம். அதில் நான்காம் நிலை முடித்தால் ஏசிசிஏவின் முதல் மூன்று தாளுக்கு விலக்கு உண்டு. ஏஏடி வகுப்பு வாரத்தில் எந்த நாள் என்று தீவின் அரசுக் கல்லூரியில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

முதல் வருடம் என்ன வேலை செய்வாள்? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் வரி வரியாக ஒப்பிட்டு, பொருந்தாத ஒரு தொகையைத் தேடி மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். வாடிக்கையாளர் கோப்பைத் திறந்து பாஸ்போர்ட் நகல் காலாவதியாகிவிட்டதா, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் கடிதம் எழுதுவாள். தீவின் நிதிச் சேவைகள் ஆணையம் எப்போது வந்து எந்தக் கோப்பைக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாக் கோப்பும் எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டும். இரண்டாம் வருடம் நிறுவனங்களின் ஆண்டறிக்கை, மூன்றாம் வருடம் தணிக்கைக் குழுவில் ஒரு பகுதி. பொறுமையில்லாத பிள்ளைக்கு இது நரகம். இரண்டு குளிர்காலம் கப்பலை எண்ணியவளுக்கு அப்படியிருக்காது என்று நம்புகிறேன்.

உங்களுக்குச் சாதகமான இன்னொன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை. வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். தொடர்ந்து ஐந்து வருடம் தீவில் வசித்தவரை அங்கே 'ஐல் ஆஃப் மேன் தொழிலாளர்' என்று கணக்கிடுவார்கள், அவருக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. ஆறு வருடம் இருந்தவள் அவள். விசா வேறு விஷயம். அவள் பெயரில் இருக்கும் விசா எந்த வேலைக்கு அனுமதிக்கிறது என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி. தேர்வுக் கட்டணத்தையும் வகுப்புக் கட்டணத்தையும் நிறுவனம் முழுதாகக் கட்டுமா? ஒரு தாளில் தோற்றால் மறுதேர்வுக்கு யார் பணம்? பாதியில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எத்தனை வருடம் வரை? மூன்றாவதைக் கேட்காமல் கையெழுத்திட்டு, பிறகு நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு விடுப்பு எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். வேலை முடிந்து வந்து இரவில் படிப்பது சுலபமில்லை, அந்த ஊர்க் குளிர்கால இருட்டில் இன்னும் கஷ்டம்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் சிறியது. ஊர் சின்னது, ஒரு அலுவலகத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறினால் அடுத்த அலுவலகத்துக்கு விஷயம் முன்னாலேயே போய்விடும். இணையச் சூதாட்ட நிறுவனங்களும் அங்கே பெரிய முதலாளிகள். அந்த வேலை வேண்டாம் என்று அவள் சொன்னால், சம்பளம் கூட என்று நீங்கள் வற்புறுத்தக் கூடாது. பின்னாளில் இந்தியா திரும்பினால், ஏசிசிஏவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்திட முடியாது, அதற்கு நம் ஊர் சிஏ வேண்டும். பன்னாட்டு நிறுவனங்களில் வேலை கிடைக்கும், சொந்த ஆடிட்டர் போர்டு மாட்ட முடியாது. இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் போகட்டும். அப்போது கையில் சேமிப்பும், என்ன படிக்க வேண்டும் என்ற தெளிவும் இருக்கும். 12 சென்ட்டும் இருக்கும்.

கடைசியாக அப்பாவுக்கு. "சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்" என்று இரண்டு முறை சொன்னீர்கள். 1881-லேயே சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த மன்றம் அது. 2006-இல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கினார்கள். யார் ஆள வேண்டும் என்று அவளைக் கேட்கிற ஊரில், என்ன படிக்க வேண்டும் என்று வீட்டில் அவளை யாரும் கேட்கவில்லை. அவள் மௌனத்துக்கு நான் கண்ட காரணம் இது ஒன்றுதான்.

நிலத்துக்கு வந்திருக்கும் ஆளிடம் இன்றே இல்லை என்று சொல்லிவிடுங்கள். பெரியப்பாவிடம் நீங்கள் பேசுங்கள், அவளைப் பேச வைக்க வேண்டாம். ஏ லெவல் முடிவு ஆகஸ்டில்தான் வரும் என்று காத்திருக்காதீர்கள், பயிற்சி இடங்களுக்கு அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்த வாரத்துக்குள் டக்ளஸில் ஐந்து அலுவலகங்களின் பெயரை அவளே தேடி எழுதட்டும். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு அழையுங்கள். அந்த அழைப்பில் அவள் மட்டும் உட்காரட்டும், நீங்கள் இருவரும் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருங்கள். தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன்.