நன்றாக இயங்கும் டேப்லெட் ‘அப்சலீட்’ ஆகுமா?

கேள்வி: திரையின் ஒரு மூலையில் விரிசல் விட்டதால், என் டேப்லெட்டைத் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். சீட்டில் ‘அப்சலீட்’ என்று எழுதி, பழுது பார்க்காமலே திருப்பித் தந்துவிட்டார்கள். வாங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. இச்சொல்லுக்கும் ‘அவுட்டேட்டட்’ என்பதற்கும் பொருள் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. ‘அவுட்டேட்டட்’ என்றால் காலத்தால் பின்தங்கியது. அத்தகைய பொருளுக்கு உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் கிடைத்துக்கொண்டே இருக்கலாம். தேய்ந்து வழக்கொழிந்ததைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘அப்சலீட்’ அதற்கு அடுத்த கட்டம். பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. அதைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் இல்லாமல் போனாலே போதும். வீடியோ கேசட் ஓட்டும் கருவியான வி.சி.ஆர். தயாரிப்பில் கடைசியாக எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திக்கொண்டது. இன்றும் ஒரு வீட்டில் வி.சி.ஆர். பழுதின்றி ஓடலாம், ஆனால் கேசட் நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’ என்ற பாகம் தேய்ந்துவிட்டால் இன்னொரு பழைய கருவியிலிருந்துதான் கழற்றிப் போட வேண்டியிருக்கும். புதிய மாடலை விற்பதற்காகப் பழையது எல்லாவற்றையும் ‘அப்சலீட்’ என்று விற்பனையாளர்கள் சொல்வது வெறும் மிகை.

சர்வீஸ் சென்டரில் இச்சொல்லுக்கு ஆண்டுக் கணக்கே உண்டு. எடுத்துக்காட்டாக, ஆப்பிள் நிறுவனம் ஒரு மாடலை விற்பனைக்கு அனுப்புவதை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் கடந்தால் ‘விண்டேஜ்’ என்றும், ஏழு ஆண்டுகள் கடந்தால் ‘அப்சலீட்’ என்றும் வகைப்படுத்துகிறது. கணக்கு தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல என்பதைக் கவனியுங்கள். உங்கள் நிறுவனமும் இப்படித்தான் கணக்கிடுகிறது என்றால், நீங்கள் வாங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்ட மாடலைத் தள்ளுபடியில் வாங்கியிருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சீட்டு தயாரிப்பாளரின் சேவைக்கு மட்டுமே பொருந்தும். கருவியின் பின்புறம் பொறித்திருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வெளிக் கடைகளில் கேட்டால், பொருத்தமான திரை கிடைக்க வாய்ப்புண்டு. கொடுக்கும் முன் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைபேசி, டேப்லெட் மாடல்களின் முக்கிய உதிரி பாகங்கள், விற்பனை முடிந்த பின்னும் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களில் வாங்குவோர், “இந்த மாடல் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, எப்போது நிறுத்தினார்கள்?” என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.