சுற்றிலும் எல்லாம் சீர்கெட்டுப் போகும் காலத்தில் ஒரு கிறிஸ்தவர் விசுவாசத்தில் வளர்வது எப்படி?

விசுவாசத்தில் வளர்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பொய்யும் வெறுப்பும் ஒழுக்கக்கேடும் மலிந்த இந்தச் சமுதாயத்துக்கு நாம் என்ன பதில் செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் நான் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். காலையில் பத்து நிமிடம் வேதம் வாசிப்பேன். மீதி நாள் முழுக்க உலகத்தின் மேல் கோபப்படுவேன். அந்தக் கோபத்தைப் பக்திவைராக்கியம் என்றே நம்பினேன்.

ராத்திரி படுக்கும்முன் போனில் அன்றைய செய்திகளைப் பார்ப்பேன். அதில் மோசமான ஒன்றை எடுத்து, கீழே ஒரு நியாயத்தீர்ப்பு வசனத்தைப் போட்டு, தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத்தான் தூங்குவேன். கூட வேலை பார்க்கும் தங்கை வயதுப் பெண் ஒருத்திக்கும் அது தினமும் போகும். அவள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று நான்கு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "சொன்னா அதுக்கும் ஒரு வசனம் அனுப்புவீங்களோன்னு பயமா இருந்துச்சு அக்கா" என்றாள்.

அன்று ராத்திரி யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை.

அதற்கப்புறம் எரேமியா 28, 29 அதிகாரங்களில் பல வாரம் தங்கிவிட்டேன். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற 29:11 நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அந்தச் சமயத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவோ 70 வருடம் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கலியாணம் செய்துகொடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். தங்களைப் பிடித்துக்கொண்டு போன பட்டணத்துக்காக ஜெபிக்க வேண்டும். 70 வருடம் என்றால், கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த மண்ணிலேயே சாகப்போகிறவர்கள் என்று அர்த்தம். 11ஆம் வசனத்தின் நம்பிக்கை அவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

நான் அதுவரை அனனியாவின் பக்கம் இருந்தேன். சீக்கிரம் எல்லாம் மாற வேண்டும், மாறாவிட்டால் கோபம்.

அதே எரேமியாவின் எழுத்தைப் பாபிலோனில் உட்கார்ந்து வாசித்தவர் தானியேல். இளவயதிலேயே அங்கே கொண்டுபோகப்பட்டவர். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார், அவர்கள் வைத்த பெயரோடு ராஜாவிடம் வேலை பார்த்தார். ஆனால் ராஜாவின் போஜனத்தைத் தொடவில்லை, தினம் மூன்று வேளை ஜெபத்தை, சட்டம் போட்டுத் தடுத்தபோதும் விடவில்லை. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று நாம் இன்று குழம்பும் இடத்தில், அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்திருக்கிறார். என்னை உடைத்தது தானியேல் புத்தகத்தின் 9ஆம் அதிகாரம். விரோதிகள் தேடியும் குற்றம் கண்டுபிடிக்க முடியாத மனிதர், 70 வருடக் கணக்கை வாசித்ததும் இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து, "நாங்கள் பாவஞ்செய்து" என்று ஆரம்பிக்கிறார். "அவர்கள்" என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றாகும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கெட்டுப்போன காலம் வெளியே மட்டும் இல்லை, நமக்குள்ளும் குடியிருக்கிறது. விசுவாசத்தில் வளர வளரத்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னாளில் போதகரான ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன், 1748இல் கடும்புயலில் கடவுளைக் கூப்பிட்டவர். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் கேப்டனாக இருந்தார். மேலே ஆராதனை நடத்துவார், கீழே சங்கிலியில் மனிதர்கள். அந்தக் காலம் அதைத் தொழில் என்றது, அவரும் அப்படியே பார்த்தார். அப்போது தன்னை முழு விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த வியாபாரத்தின் கொடுமையை, தன் பங்கையும் சேர்த்து, 1788இல்தான் வெளிப்படையாக எழுதினார். இதை வாசித்ததும் எனக்குள் வந்த கேள்வி, இன்று நான் சாதாரணம் என்று நினைக்கும் எது அப்படிப்பட்டது என்பதே. இந்தக் கேள்வியோடு தினமும் வேதத்தைத் திறந்து பாருங்கள், வாசிப்பே மாறிவிடும்.

அப்படியானால் வாய்மூடி இருக்க வேண்டுமா? இல்லை. 1785இல் மனம் திரும்பிய பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ், பாராளுமன்றத்தை விட்டுவிடலாமா என்று யோசனை கேட்டுப் போனது இதே நியூட்டனிடம்தான். அங்கேயே இருந்து சேவை செய் என்றார் நியூட்டன். அடிமை வியாபாரத்துக்கு எதிரான தீர்மானம் 1791இல் 163க்கு 88 என்று தோற்றது. சட்டம் 1807இல்தான் வந்தது. அத்தனை வருடம் தாங்குவதற்குக் கோபம் மட்டும் போதாது.

நான் இப்போது செய்வது கொஞ்சம்தான். காலையில் போனைத் தொடும்முன் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கிறேன். செய்தி பார்த்தால், அதில் வரும் ஆளுக்காக, தப்பு செய்தவருக்காகவும், அங்கேயே ஒரு நிமிடம் ஜெபிக்கிறேன். வாரம் ஒரு முறை மூன்று பேராகக் கூடி, ஒருவரையொருவர் மறைக்காமல் விசாரிக்கிறோம். பேச வேண்டிய இடத்தில் பேசுகிறேன், ஆனால் எனக்கு முகம் தெரிந்தவர்களிடம், நேரில்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன், பெரும்பாலும் பேசாமல். அவள் கிறிஸ்தவள் இல்லை, ஆகவும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அம்மாவுக்கு ஸ்கேன் என்றால் முந்தின ராத்திரியே மெசேஜ் வந்துவிடுகிறது: "அக்கா, நாளைக்குக் காலையில. மறக்காம ஜெபம் பண்ணுங்க."