பட்டாளத்தார் கையில் துடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

கே: தத்து பாபன் போகனல் ராணுவத்தில் சேரும்வரை படகுப் போட்டிப் பக்கமே போனதில்லையாமே? நாலு வருஷத்தில் ஒலிம்பிக் போனது எப்படி? (வாசகர், திண்டுக்கல்)

ப: உண்மைதான். நாசிக் மாவட்டத்தின் சாந்த்வட் பக்கம் வறண்ட பூமி. அப்பாவோடு கிணறு வெட்டப் போனவர், 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பு பிடித்தார். புனேயில் ராணுவத்துக்கென்றே ஒரு ரோயிங் (துடுப்புப் படகு) மையம் இருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரமும் நீண்ட கையும் உள்ள ஜவான்களை அங்கே கொண்டுவந்து, முழுநேரமும் அதிலேயே விடுகிறார்கள். சம்பளம், சாப்பாடு, படகு எதற்கும் அலைய வேண்டியதில்லை. இந்த நிம்மதிதான் பாதி வெற்றி. 2015 ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். 2016 ரியோவில் ஒற்றையர் ‘சி’ இறுதியில் (13 முதல் 18 வரையான இடங்களுக்கான போட்டி) 6 நிமிடம் 54.96 வினாடியில் முதலாவதாக வந்து, மொத்தத்தில் 13-ஆம் இடம் பிடித்தார்.

கே: என் தம்பி இப்போது ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். தண்டால், கயிறு ஏறுவதில் கெட்டிக்காரன். ஆனால் ரோயிங் மெஷினில் உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடமே திணறுகிறான். ஏன்? (வாசகி, வேலூர்)

ப: கையில் பலம் உள்ளவர்களுக்கு வரும் முதல் வியாதி இது. கைப்பிடியைப் பிடித்ததும் கையால் இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். ரோயிங் முதலில் கால் வேலை. பாதப்பலகையை மிதித்து நகரும் இருக்கையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முழங்கால் ஏறக்குறைய நீண்ட பிறகு முதுகு சாய வேண்டும். கடைசியில்தான் முழங்கை மடங்க வேண்டும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழ்: கை, முதுகு, கால். நேர்மாறான தப்பும் உண்டு. இருக்கை மட்டும் பின்னால் ஓடும், கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும். முதுகை இறுக்கிப் பிடிக்காததால் காலின் சக்தி துடுப்புக்குப் போய்ச் சேராது. இடுப்பு வலிதான் மிச்சம்.

மெஷினின் பக்கவாட்டு நெம்புகோலைப் பாருங்கள். கட்டாயம் 10-ல் வைத்திருப்பான். அதை 3-க்கும் 5-க்கும் நடுவில் இறக்கச் சொல்லுங்கள். 10-ல் ஒவ்வொரு இழுப்பும் கனமாகி, மூச்சு முட்டும் முன்பே தசை சோர்ந்துவிடும். ஒரு மாதம் நிமிடத்துக்கு 18, 20 இழுப்பு போதும். இழுக்க எடுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் எடுத்து முன்னால் வரட்டும். 2,000 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க, 500 மீட்டருக்கு 1 நிமிடம் 45 வினாடி. முதல் 500-ஐ 1:35-ல் ஓட்டினால் மூன்றாவது 500-ல் கால் உறைந்துவிடும். அவன் திணறலுக்குப் பாதிக் காரணம் இந்த அவசரம்.

உயரத்தையும் எடையையும் சொல்லியாக வேண்டும். 2024 பாரிஸோடு எடை குறைந்தவர்களுக்கான லைட்வெயிட் பிரிவை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆண்களுக்கு 72.5 கிலோதான் அதன் உச்சவரம்பு. ஆசிய நாட்டுக்காரர்களுக்குக் கைகொடுத்த பிரிவு. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் ஜோடி 11-ஆம் இடம் பிடித்தது அதில்தான். எடுத்தது எனக்கு ஏற்பில்லை.

கே: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தத்து ஒருநாள் கடைசி, மறுநாள் தங்கம். அதெப்படி? (வாசகர், காரைக்குடி)

ப: ரோயிங் நடந்த இடம் பாலெம்பாங். ஒற்றையர் இறுதியில் உடம்பு முடியாமல் கடைசியாக வந்தார். ஒற்றையர் படகு குறைந்தது 14 கிலோ, அகலம் ஓரடிகூட வராது. ஆள் தளர்ந்தால் தாங்கிப் பிடிக்க யாருமில்லை. நால்வர் படகில் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் கூட இருந்தார்கள், 6:17.13-ல் தங்கம். நால்வர் படகில் தாளம் தப்பக்கூடாது. ஒருவரின் துடுப்பு சற்றே முந்தி இறங்கினாலும் படகு சாய்ந்து வேகம் போய்விடும்.

கே: படகு கவிழ்ந்தால்? தம்பிக்கு நீச்சல் அரைகுறைதான். (அதே வேலூர் வாசகி)

ப: நீச்சல் தேறாமல் ஒற்றையர் படகில் ஏற்றவே கூடாது. பொதுவாகக் கவிழ்வது துடுப்பு நண்டு பிடிக்கும்போது. துடுப்பின் இலை (தட்டையான நுனி) செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து இறங்கினால் தண்ணீர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், கைப்பிடி நெஞ்சில் வந்து மோதும். அப்போது பதறிக் கையை விட்டுவிடக் கூடாது; இரண்டு துடுப்பும் தண்ணீரில் படிந்திருக்கும்வரை படகு நிற்கும். மீறிக் கவிழ்ந்தால் காலை உருவிக்கொண்டு படகைப் பிடித்து மிதக்க வேண்டும். கரைக்கு நீந்தக் கூடாது. படகுக் காலணியின் குதிகாலைப் பாதப்பலகையோடு கட்டும் கயிறு குதிகாலை 7 சென்டிமீட்டருக்கு மேல் எழவிடக் கூடாது. அதற்கு மேல் தளர்ந்திருந்தால் கால் எளிதில் கழலாது. தண்ணீரில் இறக்குமுன் தினமும் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.