மருத்துவம் படிக்கும்போதே ஆராய்ச்சி செய்யப் பழக வேண்டுமா?

பாடமே மலைபோல் கிடக்கும்போது ஆராய்ச்சிக்கு நேரம் கொடுப்பது வீண்தானே, கொடுப்பதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவர்களின் ஆய்வுகளுக்குப் பல வருடங்களாக வழிகாட்டி வருவதால் சொல்கிறேன்: கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் பயோடேட்டாவில் ஒரு கட்டுரை ஏற வேண்டும் என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள்.

மாணவர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை 1869-ல் முதன்முதலாக விவரித்தபோது பால் லாங்கர்ஹான்ஸ் மாணவர்தான். ஜே மெக்லீன் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருக்குப் பேராசிரியர் வில்லியம் ஹோவல் கொடுத்த வேலை, இரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருளை ஆராய்வது. கல்லீரலிலிருந்து எடுத்த சாறோ, நாளாக ஆக உறைதலைத் தடுக்க ஆரம்பித்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாமல் மறுபடியும் செய்து பார்த்தார். பிறகு பூனை இரத்தத்தில் அதைக் கலந்து பேராசிரியரின் மேசையில் வைத்து, எப்போது உறைகிறது என்று சொல்லுங்கள் என்றார். அது உறையவே இல்லை. 1916-ல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினின் வரலாறு தொடங்குகிறது.

எல்லோருக்கும் ஹெப்பாரின் கிடைக்காது. ஆனால் எதிர்பாராத விடை வந்தால் அதை மறைக்காமல் மறுபடி சரிபார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை மிகச் சின்னது. துறையின் அனுமதியோடு, நோயாளியின் பெயரோ எண்ணோ குறிக்காமல், பழைய கேஸ் ஷீட்டுகளில் உள்ள பிரஷர் அளவின் கடைசி இலக்கத்தை மட்டும் எழுதி வரச் சொல்வேன். பாதரசக் கருவியில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. அப்படியானால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். வருவதோ பக்கம் பக்கமாகப் பூஜ்யம்: 120, 130, 140. அளந்தவர்கள் அருகிலுள்ள பத்துக்கு மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஒருவருக்கு 136 ஆ 140 ஆ என்பதில் மருந்து தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவே மாறலாம் என்பது அப்போது அவர்களுக்கு உறைக்கும். இதைச் செய்த பிள்ளைகள் அடுத்த நாள் வார்டில் பிரஷர் பார்க்கக் கையில் கஃப் பட்டையைக் கட்டும் விதமே மாறியிருக்கும். எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும், இந்த எண்ணை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளை நம்பித்தானே சிகிச்சை செய்யப் போகிறோம்!

சரி, எங்கே தொடங்குவது? கேள்வியைச் சுருக்குவதில். ‘சர்க்கரை நோயும் கால் புண்ணும்’ வெறும் தலைப்புதான். ‘காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேர் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்பது கேள்வி. இதற்கு யாரைச் சேர்ப்பது, என்ன கேட்பது, எத்தனை பேர் வேண்டும் என்றெல்லாம் யோசிக்க முடியும். அந்த எண்ணிக்கைக்காகப் புள்ளியியல் தெரிந்தவரைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் போவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது போன்றது என்று புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே சொல்லிவிட்டார். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அப்படித்தான், முன்கூட்டியே வாங்க வேண்டும். பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்யும் ஆய்வாக இருந்தாலும் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கமே போகாதீர்கள். வேலை செய்யாதவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். மாணவரால் அப்படி மறுப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அதனால்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை என்கிறேன்.

பெரிய பெயருக்காக ஒருவரிடம் போய்ச் சேராதீர்கள். அவரிடம் முன்பு ஆய்வு செய்த சீனியர்களிடம் பேசுங்கள். ஆய்வு முடிந்ததா, வரைவைத் திருத்திக் கொடுத்தாரா, எதிர்பார்த்த முடிவு வராதபோது என்ன சொன்னார் என்று கேளுங்கள். வந்ததை வந்தபடியே எழுது என்று சொன்னவராக இருந்தால், அவரிடம் போய்ச் சேருங்கள்.