ஓட்டில் இருக்கும் வருஷம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. ஒழுகுகிறதே என்று ஓட்டைப் பிரித்தால், அடியில் 'பேசல் மிஷன், மங்களூர், 1865' என்று இருக்கிறது. ஆக, வீட்டுக்கு நூற்றறுபது வயது! பழுதுபார்த்து, வீட்டின் வரலாற்றையும் எழுதிவைக்க ஆசை. சுண்ணாம்பைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசலாம், முற்றத்துக்கு மேல் ஷீட் போடலாம் என்கிறார் கொத்தனார். என்ன செய்யலாம்?

ர.

அன்புள்ள ர.,

முதலில் வயதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 1865 என்பது பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். பிற்பாடு வந்த ஓடுகளிலும் அதையே பதித்தார்கள். (அதைக் காட்டி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.) தவிர, நம் பக்கத்து வீடுகள் ஒரே மூச்சில் எழுந்தவை இல்லை. நல்ல விளைச்சல் கண்ட வருஷம் ஒரு கட்டு கூடும். பழைய பாகப்பத்திரத்தின் நகல் எடுத்துப் பாருங்கள், ஓட்டைவிட அது அதிகம் பேசும்.

எழுதும்போது தாத்தாவோடு நிறுத்திவிடாதீர்கள். பத்தாயத்தை நிரப்பியவர்கள் கொல்லைப்புறமாகத்தான் வந்து போனார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1961-இல் ஒரு குடும்பத்துக்கான நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் கணக்கு), 1970-இல் அதுவும் 15 ஆனது. நிலம் சுருங்கினால் வீட்டுக்குச் செலவழிக்கும் கையும் சுருங்கும்; உங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஓடு மாற்றுவது எப்போது நின்றது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

சிமென்ட் மட்டும் வேண்டாம். தரையின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. எங்கள் கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு நான் சிமென்ட் பூசவைத்தேன். அதுவரை முழங்காலைத் தாண்டாத ஈரம், இரண்டாவது ஐப்பசியில் பூச்சின் விளிம்புக்கு மேலே மார்பளவில் உப்பாகப் பூத்து நின்றது. விரலால் தடவினால் அரிசிமாவு மாதிரி உதிரும். கொத்தி எடுத்தபோது செங்கல் முகமும் பெயர்ந்து வந்தது. மறுபடி சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கொஞ்சம் வெல்லம். சாந்து நாள்கணக்கில் ஊறவேண்டும். கொத்தனார் அலுத்துக்கொள்வார், நீங்கள் அசையாதீர்கள்.

முற்றத்துக்கு ஷீட் எதற்கு? குரங்குக்குப் பயந்தால் கம்பிவலை போதும். முற்றத்துத் தண்ணீர் போகும் தூம்பில் ஒரு மூங்கிலை விட்டுக் குத்திப் பாருங்கள். கூரை ஒழுகல் என்று நாங்கள் திட்டியதில் பாதி அந்த அடைப்புதான்.

இதையெல்லாம்விட முக்கியம், பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு அடுத்த ஓட்டில் கை வையுங்கள்.